சுடர் இரண்டு முறை எட்டிப்பார்த்தது

1

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியின் பழைய மாணவர் மலரில் நான் எழுதிய குறிப்பில் ஒரு திருத்தம். "இங்கே படிவத்தில் யாரும் பொய் எழுதுவதில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை" என்று எழுதியிருந்தேன். இரண்டு வாக்கியங்களும் தவறு. ஒரு பொய் எழுதப்பட்டது. எழுதியவன் நான்.

நான் ஜெர்மனிக்கு வந்தது ஒரு மாசி மாதத்தில். அதனால் ஒவ்வொரு மாசியிலும் உங்களுக்கு நாலு பக்கம் எழுதி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. பனியைப் பற்றி எழுதினேன். ரொட்டிக் கடையில் நேற்றைய ரொட்டியைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நேற்றைய மனிதரைக் கேட்டதை எழுதினேன். குடியிருப்பு அனுமதிக்காக ஒரே சான்றிதழை மூன்று அலுவலகங்களில் மூன்று முத்திரைகளோடு காட்டியதை எழுதினேன். எல்லாவற்றிலும் நான் கொஞ்சம் அசடாகத் தெரிவேன், ஆனால் நல்லவனாகத் தெரிவேன். இது இருபத்திரண்டாவது மாசி. இந்த முறை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

2

ஒரத்தநாட்டுப் பக்கம் யாராவது என் வேலை என்னவென்று கேட்டால், "அண்ணன் அடுப்பு எரிக்கிறாரு" என்று என் தம்பி சேகர் சொல்லிவிடுவான். அதில் பிழையில்லை.

மின் நிலையங்களில் எரிவாயுவால் ஓடும் டர்பைன்கள் உண்டு. அவற்றின் வயிற்றில் சுடர் எப்படி நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. எங்கள் சோதனைக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கலன் படுத்திருக்கிறது. சுற்றிலும் தடித்த கான்கிரீட் சுவர். உள்ளே, நாம் மூச்சுவிடும் காற்றைவிடப் பதினைந்து மடங்கு அழுத்தத்தில், சுடர் எரியும். குவார்ட்ஸ் கண்ணாடி பதித்த ஒரு சன்னல் வழியாகக் கேமராக்கள் அதைப் பார்க்கும். நாங்கள் அடுத்த அறையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்போம்.

காற்றும் எரிவாயுவும் ஒரு குழாய்க்குள் கலந்து வரும். சுடர் அந்தக் குழாயின் வாய்க்கு வெளியே நிற்க வேண்டும். இப்போது எரிவாயுவில் ஹைட்ரஜனைக் கலக்கச் சொல்கிறார்கள், கரியமில வாயு குறையும் என்பதற்காக. ஹைட்ரஜன் சேரச் சேரச் சுடரின் வேகம் கூடும். ஓர் அளவுக்கு மேல் அது எதிர்த்து வரும் காற்றையும் மீறிக் குழாய்க்குள் ஓடிவிடும். ஓடினால் குழாய் சில நொடிகளில் உருகும். அந்த அளவு எது என்று கண்டுபிடிப்பதுதான் சோதனை. எல்லை எங்கே என்று தெரிய வேண்டும், ஆனால் எல்லையைத் தாண்டக் கூடாது.

கலனைச் சூடாக்கி, அழுத்தம் ஏற்றி, எல்லாம் நிலைக்கு வர நாலு மணி நேரம் ஆகும். அன்றைய அட்டவணையில் ஒரு சோதனைக்கு ஒரு வரி என்று எத்தனை வரிகள் இருக்கின்றனவோ அத்தனையையும் முடித்துவிட்டு இறங்கவே எல்லோரும் விரும்புவோம். இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் "இன்னும் ஒரே ஒரு வரி" என்ற வியாதி உண்டு.

3

அது ஒரு செவ்வாய்க்கிழமை. பதினெட்டு வரிகளில் பதினேழு முடிந்திருந்தன.

குழாயின் வாயில் வெப்பம் அளக்கும் கம்பி ஒன்பது மணிக்கே செத்துவிட்டது. அப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. ஒருவர் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். நீலச் சுடர் குழாய் வாய்க்குள் ஒரு முறை தெரிந்தாலும் ஹைட்ரஜனை உடனே அடைக்க வேண்டும். அன்று திரையைப் பார்த்தவன் நான். அந்தத் திரையில் ஓடுவது எங்கேயும் பதிவாவதில்லை. அதிவேகக் கேமராவும் கடைசிச் சில நொடிகளை மட்டுமே சேமிக்கும். ஆகவே அந்தக் காலையில் குழாய் வாயில் நடந்ததற்கு என் இரண்டு கண்கள் மட்டுமே சாட்சி.

என் மேசையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அதிகாரப்பூர்வக் குறிப்பேடு ஜெர்மனில். இது எனக்காக, தமிழில். அன்றைய பக்கத்தில் உள்ளதை அப்படியே தருகிறேன்.

"10.46. சுடர் குழாய்க்குள் ஒரு முறை எட்டிப்பார்த்தது. உடனே வெளியே போயிற்று.

10.49. மறுபடி எட்டிப்பார்த்தது. முன்னைவிட ஆழம்."

எழுதினேன். ஹைட்ரஜனை அடைக்கவில்லை. இதைத்தான் என்னால் இன்றுவரை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. கை நடுங்காமல், நேரம் போட்டு, முற்றுப்புள்ளி வைத்து எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டால் செய்துவிட்டதுபோல ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுப் பழக்கம்.

10.51க்கு, அடுத்த அறையில் யாரோ அலமாரிக் கதவை அறைந்து சாத்தியதுபோல ஒரு சத்தம். திரை வெளுத்தது. கருவி தானாகவே எரிபொருளை நிறுத்தி, தீயை அணைக்க நைட்ரஜனைத் திறந்தது. யாருக்கும் அடிபடவில்லை. குழாயின் வாய் வாடிய இலைபோலச் சுருண்டிருந்தது. சன்னல் கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல்.

4

நோட்டு எழுதும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் வெட்கத்தின் அளவு உங்களுக்குத் தெரியாது.

எங்கள் வயல் கடைமடை. அப்பா பண்ணையில் ஆளாக இருந்து, குத்தகைக்குச் செய்து, கடைசியில் ஒரு ஏக்கர் சொந்தமாக வாங்கியவர். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைப்பார்கள். இன்னாருக்கு இத்தனை மணி நேரம் என்று. எங்கள் முறை வரும்போது மேலே இருப்பவர்கள் அரை மணி முன்னதாகவே மடையை அடைத்துவிடுவார்கள். அப்பா போய்க் கேட்டால், "உனக்கு எப்படித் தெரியும் அரை மணின்னு?" என்பார்கள். அப்பாவிடம் கடிகாரம் இல்லை. இருந்திருந்தாலும் அவர் வார்த்தையை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

பத்தாம் வகுப்பில் எனக்குக் கைக்கடிகாரம் கிடைத்தது. அப்பா என்னை மடையில் நிறுத்தினார். "திறந்தது காலை 6.10. அடைத்தது 8.40." இரண்டு போகம் அப்படி எழுதினேன். எங்கள் முறையை மட்டுமல்ல, எல்லோர் முறையையும். மூன்றாம் போகத்தில் மேல்மடைக்காரர்களே தங்களுக்குள் தகராறு வந்தால், "கலியமூர்த்தி நோட்டுல என்ன இருக்கு?" என்று என்னிடம் ஆள் அனுப்பினார்கள்.

ஒரு முறை எங்கள் வயலுக்குப் பத்து நிமிடம் அதிகமாகப் பாய்ந்துவிட்டது. நான் எதையோ படித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பார்த்தவர் எவருமில்லை. ஆனால் எழுதிவிட்டேன். அடுத்த முறையில் அப்பா பத்து நிமிடம் முன்னதாக மடையை அடைத்துக்கொண்டே, "ஏன்டா இத எழுதித் தொலைச்ச?" என்றார். ஆனால் கிழிக்கச் சொல்லவில்லை.

எங்களைப் போன்றவர்களின் பேச்சு எடுபடாத இடத்தில் எடுபட்டது அந்த நோட்டு. அதே கையெழுத்தில்தான் 10.46 என்றும் எழுதியிருக்கிறேன்.

5

விபத்துப் படிவம் மதியம் இரண்டு மணிக்கு வந்தது. பதினான்கு கட்டங்கள். ஏழாவது கட்டம்: சம்பவத்துக்கு முன் ஏதேனும் அறிகுறி தென்பட்டதா? ஆம், இல்லை என்று இரண்டு சின்னச் சதுரங்கள். நான் "இல்லை"யில் குறியிட்டேன். நோட்டு என் சட்டைப் பையில் இருந்தது.

வேலை போய்விடும் என்று பயந்தேனா? அது இல்லை. இங்கே ஒரு தவறுக்கு யாரையும் வெளியே அனுப்ப மாட்டார்கள். கூடத்தில் என்னைக் "கடிகாரம்" என்பார்கள். தவறே செய்யாதவன் என்ற அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் குறியிட்டேன். பயந்திருந்தால்கூட எழுதுவதற்குக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

கடிகாரம் என்று பெயர் வைத்தவர் ராடெக். போலந்துக்காரர், எங்கள் தொழில்நுட்பர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. கலனைத் திறப்பது, குழாயைப் பொருத்துவது, மூடிக் கையெழுத்திடுவது எல்லாம் அவர். ஜெர்மனிலும் நீ, நீங்கள் உண்டு. பழகியவர்கள் நீ என்பார்கள். ராடெக் முதல் மாதத்திலேயே என்னை நீ என்றார். எனக்கு அவரை அப்படிக் கூப்பிட நாக்கு வரவில்லை. நீங்கள், நீங்கள் என்றே இழுத்துக்கொண்டிருப்பேன். "ஏன் கலி, உங்க ஊர்ல எல்லாருமே உனக்கு மாமனாருங்களா?" என்று சிரிப்பார்.

இரண்டு நாள் கழித்துக் கலனைப் பிரித்தார்கள். குழாயின் அடியில் இருக்கும் உலோக வளையம் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. அது சரியாக உட்காராமல் வாயு கசிந்து, அதனால் சுடர் உள்ளே வந்திருக்கலாம். அல்லது, சுடர் உள்ளே வந்த சூட்டில் வளையம் நெளிந்திருக்கலாம். முன்பே அறிகுறி ஏதும் இல்லை என்று படிவம் சொன்னதால், விசாரணைக் குழு முதல் காரணத்தின் பக்கம் சாய்ந்தது. வளையத்தைப் பொருத்தியவர் ராடெக். விசாரணை முடியும்வரை கலனைத் தொடும் அனுமதி அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. கிடங்கில் திருகாணிகளை அளவுவாரியாகப் பிரிக்கும் வேலை கொடுத்தார்கள்.

அங்கே போகும் வழியில் என் மேசைக்கு வந்தார். நாங்கள் பேசியது ஜெர்மனில். என் காதில் அது இப்படித்தான் கேட்கிறது.

"கலி, அந்த வளையத்த விரலால சுத்தித் தடவிப் பாத்துட்டுத்தான் போட்டேன். நீயும் பக்கத்துலதான் நின்ன. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"திரையில ஒண்ணுமே தெரியலையா? முன்னாடி?"

"இல்ல."

கிடங்குப் பக்கம் திரும்பினார்.

"சரி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஒன்பது ஆண்டுகளில் அவர் என்னை நீங்கள் என்றது அதுதான் முதல் தடவை.

6

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சேகரை அழைப்பேன். அங்கே பிற்பகல் மூன்றரை, சாப்பிட்டுப் படுத்து எழுந்திருப்பான். மூன்றாவது ஞாயிறு அவனாகவே முந்திக்கொண்டு அழைத்தான்.

"அண்ணே, ஒரு சமாச்சாரம். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"காத்தமுத்து அண்ணன் வைக்கலக் கொளுத்திப்புட்டேன்."

காத்தமுத்து எங்கள் பக்கத்து வயல்காரர்.

"கொளுத்திட்டியா? ஏன்டா?"

"வேணும்னா செஞ்சேன்? எள்ளு போடலாம்னு என் வயல்ல அறுப்பு முடிஞ்சு நின்ன தாளைத்தான் கொளுத்தினேன். காத்து திரும்பிருச்சு. வரப்பத் தாண்டிப் போயி அவரு சுருட்டி வெச்சிருந்த கட்டுல புடிச்சிருச்சு. முப்பது கட்டுண்ணே. போச்சு."

நான் ஆரம்பித்தேன். தாளைக் கொளுத்தவே கூடாது என்றேன். மண்ணில் உள்ள உயிர் சாகும் என்றேன். கொளுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் வரப்போரம் ஆறடி உழுதுவிட்டுக் காற்று வரும் திசைக்கு எதிரே வைக்க வேண்டும் என்றேன். ஏழு நிமிடம் பேசியிருப்பேன்.

"நீங்க நெருப்பு படிச்சவங்கண்ணே," என்றான். "அதெல்லாம் காத்துக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கணும்."

"அவர்ட்ட என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்றது? வாளியும் கையுமா நின்னுக்கிட்டிருந்தேன். வந்தாரு. நாந்தாண்ணேன்னு சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டினாரு. அவருக்கு மாடு இருக்குல்ல, என் கட்டுலேர்ந்து எடுத்துக்கங்கன்னேன். எடுத்துக்கிட்டாரு. ஆனா பேச்சு இல்ல. டீக்கடையில நான் போனா மூஞ்சத் திருப்பிக்கிறாரு."

"பேசுவாரு."

"என்னைக்குன்னு உங்க நோட்டப் பாத்துச் சொல்லுங்க."

நான் சிரிக்கவில்லை. என் வாய் தானாகக் கேட்டது. "யாரும் பாக்கலன்னா? நீதான்னு தெரியாதுன்னா, சொல்லியிருப்பியா?"

மறுமுனையில் மாடு ஒன்று கத்தியது.

"அது எப்படிண்ணே தெரியாம இருக்கும்? அந்த வெயில்ல தீப்பெட்டியோட நின்னவன் நான் ஒருத்தன்தான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏண்ணே இப்படிக் கேக்குறீங்க? அங்க ஏதும் பிரச்சினையா?"

"இல்லடா," என்றேன். மூன்றாவது "இல்லை".

7

என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. தமிழ் பேசுவாள், பாதியில் ஜெர்மனுக்குத் தாவுவாள். எழுதப் படிக்கத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மூன்று ஆண்டுகள் அழைத்துப் போனேன். நாலாம் ஆண்டு கைப்பந்து குறுக்கே வந்தது. அந்த வருத்தத்தையும் இந்த மலரில் உங்களிடம் புலம்பியிருக்கிறேன்.

தம்பியிடம் பேசி முடித்ததும் நோட்டை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். வேலைக்குப் போனால் பையில் கொண்டுபோவதும், வீட்டுக்கு வந்தால் பூட்டுவதுமாக மூன்று வாரம் இருந்தேன். யாழினி நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்குப்பா பூட்டு? இந்த வீட்டுல அத யாருக்குப் படிக்கத் தெரியும்? அம்மாவுக்கு உங்க கையெழுத்து புரியாது. எனக்கு எழுத்தே தெரியாது."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு முகம் சுட்டது. இந்த மூன்று வாரமும், இவளுக்குப் படிக்கத் தெரியவில்லையே என்று ஒரு நாள்கூட நான் வருந்தவில்லை. நல்லவேளை என்று நினைத்திருந்தேன். கூடத்தில் நோட்டை மேசைமேலேயே விரித்துப் போட்டாலும் யாருக்கும் தெரியாது என்றும் நினைத்திருந்தேன். எதை இவள் இழந்துவிட்டாள் என்று உங்களிடம் புலம்பினேனோ, அதற்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டிருந்தேன்.

பூட்டைத் திறந்தேன்.

"கணினிய எடு. நான் படிக்கிறேன், நீ ஜெர்மன்ல அடி."

முதல் வரியிலேயே நிறுத்தினாள். "சுடர் எட்டிப்பாக்குமா? ஆள் மாதிரியா?"

"ஆமா. ஆள் மாதிரிதான்."

அடித்தாள். இரண்டாவது வரியையும் அடித்தாள். அவள் மெதுவாகக் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. அவளுடைய சைக்கிளுக்குப் பின்சக்கரம் மாற்றித் தந்தவர் ராடெக். அவர் கிடங்கில் இருப்பதை மட்டும் வீட்டில் சொல்லியிருந்தேன்.

"ராடெக் அங்கிள் ஏன் கிடங்குல இருக்காரு?"

"இதனாலதான்."

"எவ்ளோ நாளா?"

"பதினாறு நாளா."

ஆப்பிளைத் தட்டில் வைத்தாள். "எண்ணி வெச்சிருக்கீங்க," என்றாள். அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டு அவள் அறைக்குப் போய்விட்டாள்.

8

மறுநாள் திங்கட்கிழமை, பாதுகாப்புப் பொறுப்பாளர் அம்மாவிடம் நோட்டையும் அச்செடுத்த தாளையும் காட்டி, ஏழாவது கட்டத்தை மாற்ற வேண்டும் என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். தாளைப் படித்துவிட்டு, குடும்பத்தினர் மொழிபெயர்த்தது செல்லாது, பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டும், வியாழக்கிழமை குழு கூடுகிறது என்றார். இந்த நாட்டில் உண்மை சொல்வதற்கும் ஒரு முத்திரை உண்டு.

மொழிபெயர்ப்பாளர் வேறு ஊரில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அழைத்தார்.

"அண்ணை, இது உங்கட கையெழுத்துத்தானே?"

"ஆமாங்க."

"நீங்களாத்தான் குடுக்கிறீங்களோ? ஆரும் கேட்டவையோ?"

"யாரும் கேக்கலை. நானாத்தான்."

தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் முப்பது வருசமா இந்த வேலை செய்யிறன். எத்தினையோ பேரின்ர கடதாசி பாத்திட்டன். எட்டிப்பார்த்தது எண்டதைக் கொஞ்சம் மெதுவாவும் போடலாம். ஏதோ மினுங்கினமாதிரி இருந்தது எண்டு. பிழையெண்டு ஒருத்தரும் சொல்லேலாது. உங்களுக்கும் அவ்வளவு பாரமா இராது."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். சில நொடிகள் யோசித்தேன்.

"எட்டிப்பார்த்ததுன்னே போடுங்க. ரெண்டு தடவையும்."

"சரி அண்ணை," என்றார். கட்டணத்தில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு முடிந்துவிட்டது. ராடெக்குக்கு அனுமதி திரும்பக் கிடைத்தது. சோதனைக் கூடப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். இப்போது மாடியில் உட்கார்ந்து மற்றவர்கள் எடுத்த அளவுகளைச் சரிபார்க்கிறேன்.

அன்று பிற்பகல் ராடெக் மாடிக்கு வந்தார். உட்காரவில்லை.

"அந்த நோட்டக் காட்டுங்க."

காட்டினேன். நம் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பக்கத்தில் அவரால் படிக்க முடிந்தவை எண்கள் மட்டும். 10.46இல் விரலை வைத்தார். பிறகு 10.49இல்.

"இது எப்பவும் உங்க பையிலதான் இருந்துச்சா?"

"ஆமா."

"அன்னைக்கு நான் வந்து கேட்டப்பவும்?"

"ஆமா."

நோட்டை மூடி, மேசையின் விளிம்புக்கு நேராக, நான் வைப்பதுபோலவே வைத்தார். படியிறங்கிப் போய்விட்டார். மன்னிப்பு என்ற சொல்லை நான் மூன்று நாள் மனப்பாடம் செய்திருந்தேன். சொல்ல இடம் வரவில்லை.

9

போன வாரம் ராடெக் புதிய குழாயைப் பொருத்தினார். பதினெட்டாவது வரியையும் முடித்துவிட்டார்கள். திரையைப் பார்த்தவர் என்ற இடத்தில் வேறொரு பெயர் இருக்கிறது.

சேகரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் விசாரிக்கிறான்.

"ஒங்க ஆளு பேசுறாராண்ணே?"

"காலையில வணக்கம் சொல்றாரு."

"நீன்னா, நீங்கன்னா?"

"நீங்கன்னுதான்."

"சரி, இருங்க. காத்தமுத்து அண்ணன் நேத்து பெஞ்சுல நகந்து எடம் விட்டாரு. உக்காந்தேன். டீ ஆறிப்போவுதுடான்னாரு."

"பேசிட்டாருன்னு சொல்லு."

"எங்கண்ணே. அது டீக்குச் சொன்னது."

இந்தக் குறிப்பை யாழினி ஜெர்மனில் அடித்துத் தந்தாள். நான் வாசிக்க, இரண்டு ஞாயிறு ஆயிற்று. டீக்கடை வரிக்கு மட்டும் கொஞ்சம் திணறினாள். தமிழில் மட்டும் எழுதியிருந்தால் இதுவும் பூட்டிய நோட்டுதான். அதனால் உங்களுக்கு அனுப்பும் முன் ஜெர்மன் பிரதி ஒன்றை நேற்றுக் காலை கூடத்தில் ராடெக்கின் பெயர் ஒட்டிய தபால் தட்டில் போட்டேன்.

இன்று மாலைவரை அது அங்கேயேதான் இருந்தது.